பல்கலைக்கழகக் கல்வியும் தன்னொழுக்கமும்

பள்ளியிற் பயிலும் மாணாக்கரைப் பிறர் ஆளுகின்றனர். பல்கலைக்கழகத்திற் பயிலும் மாணாக்கர் தம்மைத் தாமே ஆளவேண்டியவராகின்றனர். இவ்வேறுபாட்டை உரிய காலத்தில் உணராமையால், உயர்தரப் பரீட்சையிற் சிறந்த பெறுபேறு பெற்றுச் சென்றோருள்ளும் சிலர் முதலாம் ஆண்டிலேயே தளர்ந்துவிடுகின்றனர். அறிவிற் குறைவு இத்தளர்ச்சிக்குக் காரணமன்று. புதிய நிலைக்கேற்பத் தம்மை அமைத்துக்கொள்ளாமையே காரணமாகும். அவ்வமைப்பு யாது, அதனைப் பெறும் வழி யாது என்பவற்றை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சண்டிலிப்பாயில் வாழும் உயர்தர வகுப்பு மாணவர் ஒருவரின் நாளை எண்ணிப் பார்ப்போம். காலையிற் பாடசாலை, மாலையில் மானிப்பாயிலோ யாழ்ப்பாண நகரிலோ தனியார் கல்வி நிலையம், இரவில் அங்குப் பெற்ற குறிப்புகளை மனனஞ் செய்தல். எதனை எப்பொழுது படித்தல் வேண்டும் என்பதனைப் பிறரே வகுத்துள்ளனர். விடியற்காலையில் எழுப்புதற்குத் தாயார் உளர். புள்ளி குறையின் வினவுதற்குத் தந்தையார் உளர். கடந்தகால வினாத்தாள்களைச் செய்வித்துத் திருத்துதற்கு ஆசிரியர் உளர். இவ்வொழுங்கு பெரும் பயனுடையதே. ஆயினும் அது மாணவருக்குப் புறத்தே நிற்பதோர் ஒழுங்காகும்.

அம்மாணவர் பேராதனைக்கோ மொறட்டுவைக்கோ கொழும்புக்கோ செல்வாராயின், விடுதி அறையில் அடியெடுத்து வைத்த அன்றே அப்புறவொழுங்கு முழுதும் நீங்கிவிடுகின்றது. வீட்டிலிருந்தே சென்றுவருவோர்க்கும் நிலைமை பெரிதும் வேறன்று. திருநெல்வேலியிற் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921ஆம் ஆண்டில் நிறுவிய பரமேசுவராக் கல்லூரி இருந்த இடத்தில், 1974ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகம் தொடங்கப்பெற்றது. அதுவே 1979ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமாயிற்று. எங்கள் கிராமங்களிலிருந்து அங்கு நாடோறும் பேருந்திற் சென்று மீள்வோர் பலர். "பிள்ளை கம்பசுக்குப் போய்வருகிறது" என்று வீட்டார் மனநிறைவு கொள்வர். அன்று விரிவுரை இரண்டே மணிநேரம் எனின், எஞ்சிய பொழுது எவ்வாறு கழிந்தது என்று வினவுவார் ஒருவருமிலர். அவ்வினாவை மாணாக்கர் தமக்குத் தாமே விடுத்தல் வேண்டும்.

எஞ்சிய பொழுது எத்துணை என்பதனைக் கணக்கிட்டுக் காண்பது நன்று. இலங்கைத் தகைமைச் சட்டகம் பாடங்களின் அளவைக் கிரெடிற் என்னும் அலகினாற் கூறுகின்றது. ஒரு கிரெடிற் என்பது 50 மணிநேரக் கற்றலைக் குறிக்கும். விரிவுரை வாயிலாகக் கற்பிக்கப்படும் பாடத்தில் அவ்வைம்பதில் 15 மணிநேரமே விரிவுரை. ஏனைய 35 மணிநேரமும் மாணாக்கரின் சொந்தப் படிப்புக்கு உரியது. ஓர் அரையாண்டில் மூன்று கிரெடிற் கொண்ட ஐந்து பாடங்களை ஒருவர் பயில்கின்றார் எனக் கொள்வோம். மொத்தம் 750 மணிநேரமாகும். பதினைந்து வாரங்களுக்குப் பங்கிட்டால் வாரத்துக்கு 50 மணிநேரம் வரும். அதில் விரிவுரை 15 மணிநேரம். தாமே கற்கவேண்டியது 35 மணிநேரம், அதாவது நாளொன்றுக்கு 5 மணிநேரம். ஆய்வுகூடப் பயிற்சியுள்ள பாடங்களில் இப்பங்கீடு சிறிது மாறும். எனினும் விரிவுரை மண்டபத்தில் இருந்தெழுந்தமையே கற்றமையாகும் என்று எண்ணுவோர், பத்தில் மூன்று பங்கைச் செய்து ஏழு பங்கைக் கைவிட்டோராவர் என்பது தெளிவு.

இக்கணக்கு மேனாட்டார் நமக்குப் புதிதாகக் கற்பித்ததொன்று என்று கருதற்க. பதின்மூன்றாம் நூற்றாண்டிற் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரத்தில், மாணாக்கர் பாடங்கேட்கும் முறைமை விரித்துரைக்கப்பட்டுள்ளது. ஆறுமுக நாவலரின் காண்டிகையுரையோடு அந்நூலைப் பயின்ற மரபு யாழ்ப்பாணத்துக்கு உண்டு. ஆசிரியர் கூறியதை நன்கு மனங்கொண்டாலும் அதனாற் கிடைக்கும் புலமை நான்கிலொரு பங்கே என்பது அந்நூலின் கருத்து. உடன் பயில்வாரோடு பழகி ஆராய்வதால் மற்றொரு பங்கும், தாம் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய இரு பங்கும் நிரம்பும் என்கின்றது. தகைமைச் சட்டகம் விரிவுரைக்குத் தரும் பங்கும், நன்னூல் ஆசிரியருரைக்குத் தரும் பங்கும் ஏறத்தாழ ஒன்றாயிருத்தல் கருதத்தக்கது. எக்காலத்தும் கல்வியின் பெரும்பகுதி மாணாக்கர் கையிலேயே உள்ளது.

அப்பெரும்பகுதியை ஆண்டு காட்டியோர் நம் நாட்டில் வாழ்ந்துள்ளனர். சிறுப்பிட்டியில் 1832ஆம் ஆண்டிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, நம் அயலூராகிய வட்டுக்கோட்டையிலிருந்த செமினரியிற் கற்றவர். பின்னர்ச் சென்னை சென்று, தினவர்த்தமானிப் பத்திரிகையின் ஆசிரியராயும் கல்லூரி ஆசிரியராயும் பணிபுரிந்தார். 1857ஆம் ஆண்டிற் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபொழுது, அதன் முதற் பட்டதாரிகளாகச் சித்தியெய்தியோர் அவரும், அவரைப் போன்றே வட்டுக்கோட்டையிற் கற்ற கறல் விசுவநாதபிள்ளையுமாவர். அரசாங்க அலுவலிலிருந்துகொண்டே 1871ஆம் ஆண்டிற் சட்டப் பட்டமும் பெற்றார். வீரசோழியம் 1881இலும், தொல்காப்பியப் பொருளதிகாரம் 1885இலும், கலித்தொகை 1887இலும் அவரால் அச்சேறின. வேறு வேறு ஊர்களிலிருந்து ஏடுகளைத் தேடிப் பெற்று, ஒன்றோடொன்று ஒப்புநோக்கிச் செய்த இப்பணிகளுக்கு எவரும் அவர்க்கு நேரசூசி வகுத்துக் கொடுத்தாரில்லை.

விபுலாநந்த அடிகளின் வாழ்க்கையும் இவ்வுண்மையையே காட்டும். துறவு பூணுமுன் மயில்வாகனனார் என்னும் பெயரோடு விளங்கிய அவர், 1916ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் தேர்விற் சித்தியெய்தினார். ஆசிரியப் பணியிலிருந்தவாறே 1920ஆம் ஆண்டில் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். அவ்வாண்டிலேயே மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார். இருவேறு துறைகளில் இவ்வாறு பெற்ற பயிற்சி ஒன்றுகூடியே, 1947ஆம் ஆண்டில் யாழ் நூலாக வெளிவந்தது. இத்தகையோர்க்கு இயற்கையறிவு மிகுதியாக வாய்த்திருக்கலாம். ஆயின் நாடோறும் ஒரு பொழுதை ஒதுக்கிக் காத்தல் என்பது இயற்கையறிவைச் சார்ந்ததன்று; பழக்கத்தைச் சார்ந்தது. அது யாவர்க்கும் எய்துவது.

இனி, அப்பழக்கத்தைப் பெறும் வழிகளை நோக்குவோம். முதற்கண், தொடக்கத்தில் தோன்றும் சோர்வைக் கண்டு அஞ்சாதிருத்தல் வேண்டும். நாற்றுமேடையிற் செழித்து நின்ற மிளகாய்க் கன்று, பிடுங்கித் தோட்டத்தில் நட்டவுடன் வாடுகின்றது. அது நோயன்று என்பதை நம் தோட்டக்காரர் அறிவர். புதிய மண்ணில் வேர் பற்றும்வரை நீர்விட்டுக் காப்பர். புதிய இடம், புதிய உணவு, புதிய முகங்கள் ஆகியவற்றுக்கிடையே முதற் சில வாரங்களில் உண்டாகும் வாட்டமும் அத்தகையதே. அக்காலத்திற் படிப்பை அறவே விட்டுவிடாமல், சிறிதாயினும் நாள் தவறாது செய்துவருதல் போதும்.

இரண்டாவது, படிப்புக்கு இடமும் நேரமும் குறித்தல். "நேரம் கிடைக்கும்பொழுது படிப்பேன்" என்போர்க்கு நேரம் கிடைப்பதில்லை. இரு விரிவுரைகளுக்கு இடையிலுள்ள ஒரு மணிநேரத்தை நூலகத்திற் கழிப்பது என்று ஒருமுறை துணிந்துவிட்டால், நாடோறும் மனத்தோடு போராடவேண்டியதில்லை. அந்நேரத்திற் கைத்தொலைபேசியைக் கைக்கெட்டாத் தொலைவில் வைத்தல் நன்று. கண்முன் உள்ளதை மறுத்துக்கொண்டிருப்பதிலும், அதனைக் கண்ணில் படாமற் செய்தல் எளிதாகும்.

மூன்றாவது, காலந்தாழ்த்தாது மீட்டல். எபிங்கவுசு என்னும் செருமானிய அறிஞர் தம்மையே சோதனைப் பொருளாக்கி 1885ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், கற்றது கற்ற சிறுபொழுதுக்குள் விரைவாயும் பின்னர் மெதுவாயும் மறக்கப்படுகின்றது எனக் காட்டினார். ஆதலின் விரிவுரை கேட்ட அன்றிரவே குறிப்பை நோக்குதல், வாரக் கடைசியில் மீண்டும் நோக்குதல் என்பன பயன் தரும். துலாவால் இறைத்தாலும் இயந்திரத்தால் இறைத்தாலும் தோட்டத்துக்கு நீர் முறைவைத்தே பாய்ச்சப்படும். பருவம் முழுவதற்குமான நீரை ஒரே நாளிற் பாய்ச்சிப் பயிர் விளைவித்தார் எவருமிலர். பதினைந்து வாரப் பாடத்தை இறுதி வாரத்தில் விழித்திருந்து படிப்போர் செய்வது அதுவே.

மீட்குமிடத்தும் குறிப்பைத் திரும்பத் திரும்ப வாசித்தல் மட்டும் அமையாது. உறோடிகர், கார்ப்பிக் என்னும் அமெரிக்க உளவியலாளர் இருவர் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று ஈண்டு நினைக்கத்தக்கது. ஒரு பகுதியை மீண்டும் வாசித்தோர், படித்த சில நிமிடங்களுக்குள் நடந்த தேர்வில் மேம்பட்டனர். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்விலோ, வாசித்தபின் நூலை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தோரே மேம்பட்டனர். பிறர்க்கு எடுத்துரைத்தலை நன்னூல் இரு பங்காக மதித்ததன் பொருத்தம் இதனாலும் விளங்கும். பிறர்க்கு உரைப்போர் நூலை மூடியே உரைத்தல் வேண்டும்.

நான்காவது, தொடர்ச்சி. நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் எம்மூர்க் கல்வளைப் பிள்ளையார் மீது கல்வளையந்தாதி பாடினார். அந்தாதியில் ஒரு செய்யுளின் முடிவு அடுத்த செய்யுளின் தொடக்கமாகும். படிப்பையும் அவ்வாறு தொடுத்தல் இயலும். அன்றைய படிப்பு முடியும்பொழுது, நாளை தொடங்கவேண்டிய பக்கத்தையும் தெளியாத வினாவையும் ஒரு வரியில் எழுதிவைத்தால், மறுநாள் எதனைத் தொடங்குவது என்னும் மயக்கம் நீங்கும்.

ஐந்தாவது, மொழி. கலைத்துறையில் 1960ஆம் ஆண்டளவிற் சுயமொழிகள் பல்கலைக்கழகப் போதனா மொழிகளாயின. மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம் ஆகிய துறைகளில் இன்றும் ஆங்கிலமே போதனா மொழி. தமிழிற் கற்றுச் செல்வோர் முதல் அரையாண்டிற் பொருளோடும் மொழியோடும் ஒருங்கே போராட நேர்கின்றது. நாடோறும் சில கலைச்சொற்களைக் கற்று, ஒரு பக்கத்தைத் தம் சொற்களில் ஆங்கிலத்தில் எழுதிப் பார்ப்போர்க்கு இவ்விடர் படிப்படியாகக் குறையும். விளங்காதவிடத்து விரிவுரையாளரை அணுகி வினவுதற்கு நாணுதல் ஆகாது.

ஒழுக்கம் என்னும் பெயரால் நிகழும் கொடுமையொன்றையும் ஈண்டுக் குறிப்பிடுதல் வேண்டும். புதுமுக மாணவரைப் பணியவைத்தற்கு மூத்த மாணவர் சிலர் செய்யும் பகிடிவதையை, அவர்களைப் பக்குவப்படுத்தும் பயிற்சி என்று சொல்வாரும் உளர். 1997ஆம் ஆண்டிற் பேராதனையில் மாணவர் ஒருவர் அதனால் உயிரிழந்தார். மறு ஆண்டிலேயே, 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதனைக் குற்றமாக்கித் தடைசெய்தது. அச்சத்தால் வரும் அடக்கம், அச்சுறுத்துவோர் அகன்றவுடன் அழியும். தாமே விரும்பி மேற்கொண்ட ஒழுங்கே நிலைக்கும். பகிடிவதைக்கு உட்படாமையும், உட்பட்டார்க்குத் துணைநிற்றலும், தாம் மூத்தோரான காலத்து அதனைச் செய்யாமையும் தன்னொழுக்கத்தின் பாற்பட்டனவே.

இந்நாட்டில் இலவசக் கல்வி 1945ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. இன்று அரச பல்கலைக்கழகத்தில் ஒருவர் பெறும் இடத்துக்குத் தோட்டத்தில் உழைப்போரும் கடலிற் செல்வோரும் கூலிக்கு வேலை செய்வோரும் தம் வரியாற் பொருளுதவுகின்றனர். அன்றியும், தகுதி பெற்றும் வெட்டுப்புள்ளியிற் சிறிது குறைந்தமையால் வெளியே நிற்போர் ஆண்டுதோறும் பலராவர். தாம் அமர்ந்துள்ள இருக்கை அவர்களுள் ஒருவர்க்கும் உரியதாயிருந்திருக்கும் என்பதை மாணாக்கர் மறத்தலாகாது. ஓர் அரையாண்டிற் புள்ளி குறைந்தமை பற்றி நெஞ்சம் உடைதல் வேண்டா. தளர்ச்சி மிகின் ஆலோசகரையும் வீட்டாரையும் நாடுதலே அறிவுடைமை. பயன்படுத்தாது விட்ட பொழுதோ எவராலும் மீட்டுத்தர இயலாதது. நாளைக்கு ஐந்து மணிநேரம் தம் கையில் ஒப்படைக்கப்பட்டுள்ளது என்பதை முதல் வாரத்திலேயே உணர்ந்து, அதனைக் காக்கத் தொடங்குவோர் பட்டத்தையும் பெறுவர். பட்டத்தின் பின்னும் தொடர்ந்து கற்கும் ஆற்றலையும் பெறுவர்.