தங்கமீனும் கெளுத்தியும் ஒரே தொட்டியில்: நீரின் வெப்பம் குறித்துச் சில சொற்கள்

நெடுநாள் சிகிச்சை முடிந்து இல்லம் திரும்பும் முதியோர்க்கும், பள்ளி செல்ல இயலாது ஓய்வில் இருக்கும் சிறார்க்கும் மீன்தொட்டி ஒரு நல்ல துணை. அது வேண்டாம் என்று நாங்கள் ஒருபோதும் சொல்வதில்லை. ஆயினும் தொட்டிக்கு எந்த மீனை வாங்குவது என்பதில் வாலாஜாபாத் வெயிலையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். தங்கமீனோடு ஒரு சிறு கெளுத்தியையும் சேர்த்து வாங்குவது பலருடைய வழக்கம். முன்னது அழகுக்கு, பின்னது தொட்டியின் அடித்தட்டைத் துப்புரவு செய்வதற்கு என்பர். இவ்விரண்டும் ஒரே வெப்பத்தை விரும்புவன அல்ல.

தங்கமீன் கெண்டை இனத்தது. சீனத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பிருந்தே வளர்க்கப்பட்டு வருவது. குளிர்நீரே அதற்கு உகந்தது. 18 முதல் 22 டிகிரி செல்சியஸ் வரை அது நலமாக வாழும்; உருண்டை உடலும் நீண்ட துடுப்பும் உடைய அலங்கார வகைகள் 24 வரை ஏற்கும். கடைகளில் கிடைக்கும் கெளுத்திகளோ பெரும்பாலும் தென் அமெரிக்காவின் வெப்பமண்டல ஆறுகளைச் சேர்ந்தவை. அவற்றுள் பலவும் 24 முதல் 28 டிகிரியில்தான் சுறுசுறுப்பாக இருக்கும். இரண்டும் ஒருசேர நலமாக வாழத்தக்க இடைவெளி மிகக் குறுகியது; 22 முதல் 24 வரை என்று கொள்ளலாம்.

மேலைநாட்டு மீன்வளர்ப்பு நூல்கள் இதற்கு விடையாக நீரைச் சூடாக்கும் கருவியைச் சொல்லும். நமக்கு அது பொருந்தாது. சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தொடும் ஊர் இது. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து நண்பகலில் குழாயில் வரும் நீரில் கை வைக்க முடியாது என்பதை எவரும் அறிவர். தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ வேய்ந்த கூரையின்கீழ் வைத்த சிறு தொட்டியில் நீர் 32 டிகிரியைக் கடப்பது அரிதன்று. சூட்டைத் தணிப்பதே நம் கவலை.

வெப்பம் ஏறும்போது மீனுக்கு இருபுறமும் இடர் நேர்கிறது. 20 டிகிரி நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் உயிர்வளியைத் தாங்கும். 30 டிகிரி நீரோ ஏழரை மில்லிகிராம் அளவே தாங்கும். அதே வேளையில் சூட்டினால் மீனின் உடலியக்கம் விரைவுபட்டு அதன் உயிர்வளித் தேவை கூடுகிறது. தங்கமீன் மிகுதியாகக் கழிவிடும் இனம். அக்கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியாவின் நச்சுப்பகுதி, நீர் 20 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்கு ஏறும்போது ஏறத்தாழ இரு மடங்காகிறது. மீன் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் பசி என்று எண்ணி மேலும் உணவிடுவோர் உளர். அது மூச்சுத்திணறல். உணவை நிறுத்தி, காற்றுக்குமிழிக் கருவியை இயக்கி, நீரில் நான்கில் ஒரு பங்கை மாற்ற வேண்டும்.

“எங்கள் தங்கமீன் 30 டிகிரியிலும் உயிரோடுதான் இருக்கிறது” என்று சிலர் கூறுவர். உண்மையே. உயிர் தாங்குவது வேறு, நலமாக வாழ்வது வேறு. இதை மருத்துவமனைக்கு வந்துபோவோர்க்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

இரண்டையும் சேர்த்தே வளர்க்க விரும்புவோர் குளிர்நீரை ஏற்கும் கெளுத்தியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கோரிடோராஸ் வகையில் கரும்புள்ளிகள் உடைய ‘பெப்பர்’ என்பது அத்தகையது. தங்கமீனின் வாய்க்குள் அடங்காத அளவுள்ளதாக அது இருத்தல் நன்று. விழுங்கப்பட்டால் அதன் முள் தொண்டையில் சிக்கி இரண்டும் மடியும். ‘டேங்க் கிளீனர்’ என்று விற்கப்படும் உறிஞ்சுவாய்க் கெளுத்தி வேண்டவே வேண்டாம். அது ஓரடிக்கு மேல் வளரும். இரவில் தங்கமீனின் மேல் ஒட்டி அதன் வழுவழுப்புப் படலத்தைச் சுரண்டும். வளர்ந்தபின் தென்னேரி ஏரியிலோ பாலாற்றிலோ கொண்டுபோய் விடுவதும் தகாது. இவ்வகை மீன் நம் நீர்நிலைகள் சிலவற்றில் பரவி நாட்டு மீன்களுக்கு இடையூறாகிவிட்டது. கடைக்காரரிடமே திருப்பித் தாருங்கள்.

நீரைக் குளிர வைக்க நம் வீடுகளிலேயே வழியுண்டு. ஓட்டு வீட்டின் நடுக்கூடம் மாடியறையைவிடக் குளிர்ச்சியானது. சன்னல் வெயில் படாத சுவரோரம் தொட்டியை வையுங்கள். தறி உள்ள வீட்டில் பாவிலும் சரிகையிலும் நீர் தெறிக்காத தொலைவு வேண்டும் என்பதை நெசவாளர்க்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. மாற்றுநீரை விடியற்காலையில் பிடித்து, மண்பானையில் ஒருநாள் வைத்தால் குளிரும், குளோரினும் பெரிதும் அகலும். பானையின் வாயைத் துணியால் இறுகக் கட்டுங்கள். டெங்கு கொசு முட்டையிட அந்த ஒருநாளே போதும். தொட்டியின் மேற்பரப்பில் சிறு மின்விசிறிக் காற்று படுமாறு செய்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும். பனிக்கட்டியை நேரே போடாதீர்கள். ஒரு மணி நேரத்தில் ஓரிரு டிகிரிக்கு மேல் மாறுவது மீனுக்குத் தீங்கு.

இனி வளர்ப்போரின் கைகளைப் பற்றி. மீன்தொட்டி நீரில் வாழும் ஒருவகை நுண்ணுயிர், காசநோய்க் கிருமியின் உறவினம், தோலிலுள்ள சிறு கீறல் வழியே உட்புகும். 30 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் அது நன்கு பெருகும். ஆதலால் உடலின் உட்பகுதியைவிடக் குளிர்ந்த கைவிரல்களையே பெரிதும் பற்றுகிறது. சில வாரங்கள் கழித்து வலியற்ற சிறு கட்டி தோன்றும்; ஆறாது; சிலருக்குக் கை வழியே மேலேறும். வழக்கமான மருந்துக்கு அது அடங்காது; உரிய மருந்தையும் பல வாரங்கள், சிலவேளை மாதங்கள், உட்கொள்ள வேண்டும். நீரிழிவு உள்ளோர், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர், எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உட்கொள்வோர் ஆகியோர் தொட்டியில் கை விடாது, அப்பணியை வீட்டிலுள்ள பிறரிடம் ஒப்படைப்பதே நலம். அவர்களும் முழங்கை வரையிலான கையுறை அணிந்து, பின்னர் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

கெளுத்தியின் துடுப்பு முள் குத்தினால், தாங்கத்தக்க சுடுநீரில், 45 டிகிரிக்கு மிகாமல், அரை மணி நேரத்திற்குக் குறையாமல் கையை அமிழ்த்தி வைத்தால் வலி தணியும். நீரிழிவினால் கை மரத்துப்போனவர் சூட்டைத் தாமே சோதிக்கலாகாது; வெந்துபோவதும் தெரியாது. வேறொருவர் தொட்டுப் பார்த்துச் சொல்லட்டும். பிறகு காயத்தைக் காட்டவும் தடுப்பூசி குறித்துக் கேட்கவும் வாருங்கள். கையில் ஆறாத புண்ணோடு எந்த மருத்துவரிடம் சென்றாலும், வீட்டில் மீன்தொட்டி உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.