பவுண் காசும் உரைகல்லும்

தமிழ்நாட்டார் பொன்னைச் சவரனால் அளப்பர். ஈழநாட்டார் பவுணால் அளப்பர். இரு சாராரும் கருதுவது எட்டுக் கிராம் நிறையையே. இவ்விரு சொற்களும் ஒரே காசின் வயிற்றிற் பிறந்தவை. 'சொவரின்' என்னும் ஆங்கிலப் பொற்காசின் பெயர் அக்கரையிற் சவரனாயிற்று. அக்காசின் மதிப்பாகிய ஒரு பவுண் ஸ்ரேலிங் இக்கரையிற் பவுணாயிற்று. காசு கைமாறுதல் நின்று நெடுங்காலமாகியும் அதன் பெயர் நிறைப்பெயராய் நிலைத்துவிட்டது. காசின் நிறையோ 7.988 கிராமே, எஞ்சிய சிறு துணுக்கை நம் வழக்கு தானே சேர்த்துக்கொண்டது.

மன்னார்க் கரைக்கு ஆங்கிலேயர் அடித்த பொற்காசு புதியதன்று. 1796இல் அவர்கள் இத்தீவின் கரையோரத்தைக் கைப்பற்றிய காலத்தில் முத்துக்குளிப்புக் குத்தகைகள் வராகன் கணக்கிற் பேசப்பட்டன. ஒருபுறம் திருமாலின் உருவும் மறுபுறம் விண்மீனும் பொறித்த வராகனைக் கும்பினியார் சென்னையில் அடித்துவந்தனர். பின்னர் வராகன் மறைய, 1817இல் புத்துருப் பெற்ற சொவரின் அதன் இடத்தைப் பிடித்தது. செலவுக்கு வந்த காசு நாளடைவிற் சேமிப்பாகி, சேமிப்பு அணியாயிற்று. காசுமாலையிலும் தாலிக்கொடியிலும் அது ஏறியது. பொன்னுருக்கற் சடங்கிற் பலகாசுகள் உருகித் தாலியாயின. 1990 ஒக்ரோபரில் உப்புக்குளத்து முஸ்லிம் மக்கள் தம் மனைகளினின்று வெளியேற்றப்பட்டனர். இத்தீவின் பிற குடும்பங்களும் போர்க்காலத்திற் பலமுறை இடம்பெயர்ந்தன. அத்தகைய வேளையில் விற்கப்படும் காசு பொன்னின் விலைக்கே போகும். அஃது எவ்வகைக் காசு என்று வினவ அவகாசமேது? ஒரே நிறையும் ஒரே மாற்றுமுடைய இரு காசுகளுள் ஒன்று பொன்விலையே பெற, மற்றொன்று அதனினும் பன்மடங்கு பெறுதல் உண்டு. ஆதலின் வகையறிதல் பொழுதுபோக்கு அன்று. குடும்பத்தின் முதலைக் காக்கும் அறிவாகும்.

வகையறிவார் முதலில் தலையை நோக்குக. விக்ரோரியா மகாராணியின் தலை மூவகைப்படும். 1838 முதல் 1887 வரை கூந்தலை நாடாவாற் கட்டிய இளமைத் தலை; 1887 முதல் 1893 வரை சிறுமுடி சூடிய ஜூபிலித் தலை; 1893 முதல் 1901 வரை முக்காடிட்ட முதுமைத் தலை. பின்னர் ஏழாம் எட்வேட் 1902 முதல் 1910 வரையும், ஐந்தாம் ஜோர்ஜ் 1911 முதல் 1932 வரையும் வருவர். பின்புறத்தில் இருப்பது கேடயமாகவோ, பாம்புருவ அரக்கனைக் குதிரைமீதிருந்து கொல்லும் புனித ஜோர்ஜாகவோ இருக்கும். குதிரைவீரனைச் செதுக்கியவர் பெனெடெற்றோ பிஸ்துறுச்சி என்னும் இத்தாலியர். 1871க்கும் 1887க்கும் இடையில் இரு பின்புறங்களும் ஒருங்கே வழங்கின. எனினும் இலண்டன் 1874உடன் கேடயத்தை நிறுத்திவிட, அவுஸ்திரேலியாவே பின்னரும் அதனை அடித்தது.

அடுத்து நோக்கற்பாலது அக்கசாலைக் குறி. இலண்டன் காசிற் குறி இல்லை. சிட்னிக்கு எஸ், மெல்போணுக்கு எம், பேர்த்துக்குப் பி, ஒட்டாவாவுக்குச் சி, பிரிற்றோரியாவுக்கு எஸ்ஏ, பம்பாய்க்கு ஐ. இளமைத்தலைக் காசிற் கேடயமாயின் கீழுள்ள மாலைக்கடியிலும், குதிரைவீரனாயின் முன்புறத்துத் தலைக்கடியிலும் இவ்வெழுத்து இருக்கும். 1887இன் பின் வந்த தலைகளுக்குக் குதிரையின் காலடி நிலத்தில், ஆண்டெண்ணுக்கு மேலே தேடவேண்டும். பம்பாய்க் குறியைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் தகும். முதலாம் உலகப்போரிற் கடல்வழி பொன் அனுப்புதல் இடர்மிக்கதாகவே, 1918இற் பம்பாயிற் கிளை அக்கசாலையொன்று திறக்கப்பட்டது. அது சொவரின் அடித்தது அவ்வோராண்டே. அவ்வாண்டிலேயே அதே நிறையும் மாற்றும் கொண்ட பதினைந்து ரூபா மோகரும் பம்பாயில் அடிக்கப்பட்டது. ஐ என்னும் அக்குறி ஒரு சிறு கோடே; கீறல் என்று கருதி எளிதிற் கடந்துவிடுவோம். உருப்பெருக்கும் கண்ணாடியின்றி இக்குறிகளைத் தேடுதல் வீண்.

இனி மெய்ம்மை காணுதல். பொற்கொல்லரிடம் கொடுத்தால் உரைகல்லிலிட்டு இருபத்திரண்டு கரற் என்பார். அவர் கூற்று மெய்யே. ஆயினும் அவர் கண்டது பொன்னை, காசையன்று. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் சொவரினின் விலை அதிலுள்ள பொன்னின் விலையை விஞ்சியபோது, மிலானிலும் பெய்ரூத்திலும் நல்ல பொன்னிலேயே போலிகள் அடிக்கப்பட்டன. மாற்றுக் குறையாமலே ஊதியம் கிடைக்கையிற் கள்ளன் எதற்குச் செம்பைக் கூட்டுவான்! 1957இல் இலண்டன் அக்கசாலை மீண்டும் சொவரின் அடிக்கத் தொடங்கியதற்கு இப்போலிகளின் பெருக்கமும் ஒரு காரணமாகும். இவற்றின்முன் உரைகல் வாயடைத்து நிற்கும்.

அத்தகைய இடத்தில் வரலாறே உரைகல். ஐந்தாம் ஜோர்ஜ் காலத்தில் இலண்டன் 1917இன் பின் 1925இல் மட்டுமே சொவரின் அடித்தது. எனவே அவ்வரசர் தலையும் 1920 என்னும் ஆண்டும் கொண்டு, குறியெதுவும் இல்லாத காசு எத்துணை அழகாயிருப்பினும் போலியே. 1917 இலண்டன் காசோ மெய்யாகவே அரியது. அவ்வருமையே அவ்வாண்டுப் போலிகளைப் பெருக்கிற்று. மற்றொரு சோதனைக்குக் கருவியே வேண்டா. தலை நிமிர்ந்திருக்கக் காசின் மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் இரு விரலாற் பற்றிப் பக்கவாட்டிற் சுழற்றுக. இளமைத்தலைக் காசிற் பின்புறம் தலைகீழாகத் தோன்றும். ஜூபிலித் தலை முதலாக வந்தவற்றில் நிமிர்ந்து தோன்றும். மாறித் தோன்றின் ஐயுறுக.

வார்த்தெடுத்த போலியில் எழுத்துகளின் முனை மழுங்கிப் பரப்பிற் பொடிக்குழிகள் காணப்படும். அச்சிலடித்த போலி இதனினும் தேர்ந்தது. ஆயினும் மூலக்காசில் இருந்த வடுவும் அச்சிற் பதிந்துவிடுமாதலால், இரு காசுகளில் ஒரே வடு ஒரே இடத்தில் இருப்பின் இரண்டும் ஒரே கள்ள அச்சின் மக்கள் எனலாம். நிறத்தைமட்டும் கொண்டு தீர்ப்புக் கூறுதல் தவறு. சிட்னியின் தொடக்ககாலக் காசுகளிற் செம்புக்கு மாறாக வெள்ளி கலந்திருந்தமையால் அவை வெளிறிய மஞ்சளாய் இருக்கும். அவற்றைப் பலர் வீணே பழிக்கின்றனர்.

குறுக்களவு 22.05 மில்லிமீற்றர். நிறை தேய்மானத்தாற் குறையலாம், 7.938 கிராமுக்குக் குறைந்த காசை ஆங்கிலச் சட்டமே செல்லாக்காசென ஒதுக்கியது. நூறில் ஒரு கிராம் காட்டும் தராசு இருப்பின் அடர்த்தியையும் காணலாம். தராசின்மேல் நீர்க்கிண்ணத்தை வைத்து எண்ணைப் பூச்சியமாக்கி, மெல்லிய நூலிற் கட்டிய காசை அடியிற் படாது நீரினுள் தொங்கவிட்டால் 0.45 அல்லது 0.46 கிராம் காட்டவேண்டும். அதே நிறையுள்ள பதினெட்டுக் கரற் பொன்னாயின் அரைக் கிராமைத் தாண்டும்.

அணியாக இருந்த காசுக்கு இச்சோதனை ஓரளவே பொருந்தும். வளையம் வைத்துப் பொடியிட்டு ஊதிய இடத்திற் பற்றாசு சேர்ந்து நிறை கூடியிருக்கும். விளிம்பு வரிகளும் அங்கே அழிந்திருக்கும். அவ்வளையத்தைக் கழற்றி மெருகிட்டால் விலை ஏறும் என்பது பிழையான எண்ணம். சேகரிப்போர் பழைய தேய்வைப் பொறுப்பர், புதிய மெருகைப் பொறார். புளியிட்டுத் துலக்காமலும் அராவாமலும் அப்படியே கொண்டுசென்று காட்டுதலே நன்று. பொன்னுருக்கலுக்கு எடுக்கும் காசாயின், மூசையில் இடுமுன் தலையும் ஆண்டும் குறியும் நோக்குதற்குக் கால்நாழிகை போதும்.