வாடகையில் 7,000 ரூபாய் மிச்சம். கையில் நிற்பது எவ்வளவு?

பெங்களூருவில் வேலை, ஓசூரில் வீடு. எலெக்ட்ரானிக் சிட்டி, பொம்மசந்திரா, சந்தாபுரா பக்கம் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்களில் இந்தப் பேச்சு ஒரு தடவையாவது வந்திருக்கும். 'அங்க கொடுக்கிற வாடகைக்கு இங்க ரெண்டு வீடு பிடிக்கலாமே' என்று ஓசூரில் இருக்கும் மச்சானோ சித்தப்பாவோ சொல்லியிருப்பார். எல்லை தாண்டினால் தமிழ்நாடு, சொந்த மொழி, குறைந்த வாடகை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் நீங்கள் மாறுவது வீடு மட்டும் இல்லை, மாநிலமும்தான். வாடகையோடு சேர்ந்து மின் கட்டணம், பஸ், ரேஷன், வண்டி வரி, பிள்ளையின் படிப்புச் சலுகை எல்லாமே மாறும். சில இடத்தில் உங்களுக்கு லாபம், சில இடத்தில் நஷ்டம். தமிழ்நாடு அரசின் இதழ் என்பதற்காக 'இங்கே எல்லாமே மலிவு' என்று எழுதிவிட்டுப் போவதில் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. எனவே இரண்டு பக்கமும் பார்ப்போம்.

ஒரு கணக்கு

எண்களை நாமே வைத்துக்கொள்வோம். உங்கள் எண்களைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். கணவருக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. பெங்களூருவில் வாடகை 16,000 ரூபாய். ஓசூரில் அதே அளவு வீடு 9,000 ரூபாய். மாதம் 7,000 மிச்சம்.

முதலில் பெட்ரோல். பெங்களூருவில் வேலைக்குப் போய்வர தினமும் 10 கிலோமீட்டர் ஓட்டியவர், ஓசூரிலிருந்து 45 கிலோமீட்டர் ஓட்டுகிறார். 25 நாளுக்குக் கூடுதலாக 875 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும் பைக், பெட்ரோல் 100 ரூபாயை ஒட்டி என்றால், கிட்டத்தட்ட 2,000 ரூபாய் போய்விட்டது. காரில் போகிறவர் என்றால் அத்திப்பள்ளி சுங்கச்சாவடியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2025 ஆகஸ்டில் ஆர்.வி. ரோடு – பொம்மசந்திரா மெட்ரோ மஞ்சள் தடம் ஓடத் தொடங்கிய பிறகு, பொம்மசந்திரா வரை பஸ்ஸோ பைக்கோ, அங்கிருந்து மெட்ரோ என்று போகிறவர்களும் இருக்கிறார்கள். நகரத்துக்குள் வேலை என்றால் அது நேரத்தை மிச்சப்படுத்தும். செலவை அவ்வளவாகக் குறைக்காது.

அடுத்தது கரண்ட். கர்நாடகத்தின் கிருஹ ஜோதி திட்டத்தில் மாதம் 200 யூனிட் வரை, வீட்டின் பழைய சராசரிப் பயன்பாட்டை ஒட்டி, கட்டணம் இல்லை. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். மாதம் 150 யூனிட் எரிக்கிற குடும்பம் அங்கே ஒன்றும் கட்டாமல் இருந்திருக்கலாம். இங்கே இரண்டு மாதத்துக்கு 700 ரூபாய் அளவில் பில் வரும். அதாவது மாதம் 350. இரண்டு மாத மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கணக்கிடும் அட்டவணையே மாறி, கீழ்ப்படியில் இருக்கும் சலுகையும் குறையும். ஏ.சி. வைத்திருப்பவர்கள் ஏப்ரல், மே மாதங்களில் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொன்று, வீடு பார்க்கப் போகும்போதே கேட்டுவிடுங்கள்: 'வீட்டுக்குத் தனி சர்வீஸா, சப் மீட்டரா?' 100 யூனிட் சலுகை ஒவ்வொரு மின் இணைப்புக்கும் உரியது. மூன்று குடித்தனத்துக்கு ஒரே இணைப்பு, உள்ளே சப் மீட்டர், யூனிட்டுக்கு வீட்டுக்காரர் சொல்கிற ரேட் என்றால், இலவச யூனிட் உங்கள் கைக்கு வந்து சேராது. வாடகையில் 500 ரூபாய் அதிகமானாலும் தனி இணைப்பு உள்ள வீடே கட்டுப்படியாகும் என்பது என் எண்ணம்.

பிறகு உதவித்தொகை. அங்கே கிருஹ லட்சுமி திட்டத்தில் குடும்பத் தலைவி மாதம் 2,000 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தால், கர்நாடக ரேஷன் அட்டையை விட்டதும் அது நிற்கும். இங்கே 2023 செப்டம்பர் 15-இல் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய். அதற்கு ரேஷன் அட்டை தமிழ்நாட்டில் இருக்க வேண்டும், ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், ஆண்டு மின் பயன்பாடு 3,600 யூனிட்டைத் தாண்டக் கூடாது என்று நிபந்தனைகள் உண்டு. குடிவந்த மறு மாதமே வரும் என்று கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

7,000-இல் 2,000, 350, இன்னொரு 2,000 போக, மிச்சம் 2,650 ரூபாய். உரிமைத் தொகை கிடைத்தால் 3,650. கிருஹ லட்சுமி வாங்காத குடும்பம் என்றால் 4,650. மோசம் என்று சொல்ல முடியாது. ஆனால் வீட்டில் பேசும்போது எல்லோர் மனதிலும் இருந்தது 7,000.

பஸ் விஷயத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கர்நாடகத்தின் சக்தி திட்டத்தில் பெண்களுக்கு மாவட்டம் விட்டு மாவட்டம் போகும் சாதாரண பஸ்ஸிலும் இலவசம். ஆனால் கர்நாடக முகவரியுள்ள அடையாள அட்டை வேண்டும். ஆதாரை ஓசூர் முகவரிக்கு மாற்றிய பெண், அத்திப்பள்ளியில் பெங்களூரு பஸ் ஏறினால் டிக்கெட் எடுக்க வேண்டியதுதான். தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்து சாதாரண கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசம். எந்த ஊர்க்காரர் என்று அட்டை காட்டத் தேவையில்லை. ஆகவே மனைவிக்கும் பெங்களூருவில் வேலை என்றால் பஸ் செலவு புதிதாக முளைக்கும். ஓசூருக்குள்ளேயே வேலை என்றால் முளைக்காது.

அட்வான்ஸ்

இங்கே ஓசூர் பக்கம் தட்டு நன்றாகவே தாழும். பெங்களூருவில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது நெடுநாள் பழக்கம். நம் உதாரணக் குடும்பத்தின் 1,60,000 ரூபாய் அங்கே வீட்டுக்காரரிடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, வேறுவிதமாக ஒப்பந்தம் போட்டுக்கொண்டாலொழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. 9,000 வாடகைக்கு 27,000. 'வேறுவிதமாக ஒப்பந்தம்' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். பத்து மாதம் தருகிறேன் என்று நீங்களே கையெழுத்துப் போட்டுவிட்டால் சட்டம் குறுக்கே வராது.

அதே சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். 'அதெல்லாம் எதுக்குப்பா' என்று வீட்டுக்காரர் தயங்கலாம். பொறுமையாக எடுத்துச் சொல்லிச் செய்துவிடுங்கள். அந்தத் தாள்தான் உங்களுடைய முதல் தமிழ்நாட்டு முகவரி ஆதாரம். ஆதார், கேஸ், ரேஷன் எல்லாம் அதைப் பிடித்துக்கொண்டுதான் வரும்.

பழைய வீட்டுக்காரர் பெயின்ட் செலவு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தருவார். லாரி வாடகையோடு அதையும் குடிபெயரும் செலவில் எழுதுங்கள். கேஸ் சிலிண்டரை மட்டும் லாரியில் ஏற்றிவிடாதீர்கள். சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் பழைய ஏஜென்சியில் ஒப்படைத்து, டெபாசிட்டையும் மாற்றுச் சீட்டையும் வாங்கி வந்தால், அந்தச் சீட்டைக் காட்டி ஓசூரில் இணைப்பு எடுக்கலாம்.

ரேஷன்: முதலில் பெயர் நீக்கம்

நிறைய பேர் சிக்கிக்கொள்ளும் இடம் இது. கர்நாடக அட்டையில் உங்கள் ஆதார் எண் இருக்கும்வரை இங்கே புது அட்டைக்கு விண்ணப்பித்தாலும் நிற்காது. அங்கே பெயரை நீக்கி, நீக்கல் சான்று வாங்கிய பிறகுதான் இங்கே இணையத்திலோ இ-சேவை மையத்திலோ விண்ணப்பிக்க வேண்டும். குழந்தைகளின் பெயரும் அதில் சேர்ந்து நீங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

'நீக்கினதுக்கும் புதுசு வர்றதுக்கும் நடுவுல என்ன பண்றது?' நியாயமான கேள்வி. உங்களுடையது தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் அட்டை என்றால், நீக்குவதற்கு முன்புவரை 'ஒரே நாடு ஒரே ரேஷன்' வழியாக ஓசூர்க் கடையிலேயே விரல் ரேகை வைத்து மத்திய ஒதுக்கீட்டுத் தானியத்தை வாங்கலாம். தமிழ்நாட்டில் இது 2020 அக்டோபரிலிருந்து இருக்கிறது. ஆனால் தமிழ்நாடு அரசு தன் அட்டைதாரர்களுக்குத் தரும் 30 ரூபாய்த் துவரம் பருப்பும் 25 ரூபாய்ப் பாமாயிலும் வெளிமாநில அட்டைக்குக் கிடைக்காது. எனவே அவசரப்பட்டு முதல் வாரமே நீக்காமல், வாடகை ஒப்பந்தமும் ஆதார் முகவரியும் கையில் வந்த பிறகு நீக்குங்கள்.

புது அட்டை வந்துவிட்டால் இங்கே ஒரு வசதி உண்டு. கர்நாடகத்தில் ஏ.பி.எல்., பி.பி.எல். என்று பிரித்துத் தருவதைப் பார்த்திருப்பீர்கள். தமிழ்நாட்டில் பொது விநியோகம் எல்லோருக்கும் உரியது; அரிசி அட்டைக்கு 2011 ஜூன் முதல் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. மாதச் செலவில் இது எவ்வளவு குறைக்கும் என்பது உங்கள் சமையலறையைப் பொறுத்தது. மூன்று வேளையும் அதையே பொங்கும் வீடும் உண்டு, இட்லி மாவுக்கு மட்டும் போடும் வீடும் உண்டு.

வண்டி நம்பர்

கே.ஏ. பலகையோடு ஓசூரில் எத்தனை நாள் ஓட்டலாம்? மோட்டார் வாகனச் சட்டம் 47-ஆம் பிரிவின்படி, வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அந்த மாநிலப் பதிவெண் வாங்க வேண்டும். பதிவு செய்த கர்நாடக அலுவலகத்தில் படிவம் 28 கொடுத்துத் தடையின்மைச் சான்று வாங்கி, ஓசூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் படிவம் 27 கொடுத்து, வண்டியின் வயதுக்கேற்ற வரியைக் கட்டினால் டி.என்.70 கிடைக்கும். கடனில் உள்ள வண்டிக்கு வங்கியின் சம்மதம் வேண்டும். நிலுவையில் இருக்கும் போக்குவரத்து அபராதங்களை முதலில் கட்டித் தீருங்கள்.

கர்நாடகத்தில் கட்டிய ஆயுள்கால வரியில் மீதிக் காலத்துக்கான பங்கைத் திரும்பக் கேட்கலாம். அது தானாக வராது; புதுப் பதிவுச் சான்றை வைத்து நீங்கள்தான் விண்ணப்பிக்க வேண்டும். பைக் என்றால் தாங்கக்கூடிய தொகை. கார் என்றால் மேலே பார்த்த மாத மிச்சத்தில் ஒரு வருஷத்துக்கு மேல் இதுவே சாப்பிட்டுவிடலாம். புது வண்டி வாங்கும் யோசனை இருந்தால், குடிவந்த பிறகு வாங்குங்கள். நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள நிறுவனத்தில் வேலை என்றால் பி.எச். வரிசைப் பதிவெண்ணும் எடுக்கலாம். இரண்டிரண்டு ஆண்டாக வரி கட்டினால் போதும்.

தொழில் வரியைப் பற்றிக் குழம்ப வேண்டாம். அது வேலை பார்க்கும் இடத்தில் பிடிப்பது. எந்த மாநிலமானாலும் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் பிடிக்க அரசமைப்புச் சட்டம் அனுமதிப்பதில்லை.

பிள்ளை எந்த வகுப்பு?

வாடகைக் கணக்கில் வராத, ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரியதாக எனக்குத் தோன்றுவது இதுதான். தமிழ்நாட்டில் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் கல்லூரி போகும் மாணவிக்கும் மாணவனுக்கும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. மருத்துவம், பொறியியல் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. இவை எல்லாம் கேட்பது ஒன்றையே: 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை இங்கே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் (உதவித்தொகைக்கு அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் சேர்த்தி). ஏழாம் வகுப்பை பெங்களூருவில் முடித்துவிட்டு வந்தால் அந்தக் கதவு மூடியிருக்கும். ஐந்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்க்கும் எண்ணம் இருந்தால், 'இன்னும் ரெண்டு வருஷம் பார்ப்போம்' என்று தள்ளிப்போடுவதன் விலை பெரியது.

தனியார் பள்ளி என்றாலும் 8 முதல் 12 வரை எங்கே படித்தார் என்பது பொறியியல் கலந்தாய்வில் முக்கியம். அந்த ஐந்து வருடமும் இங்கே படித்தவரிடம் பிறப்பிடச் சான்று கேட்பதில்லை. வெளியே படித்த தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு அது வேண்டும். வருவாய்த் துறை தரும் இந்தச் சான்றை இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம். இருப்பிடச் சான்று வேறு, பிறப்பிடச் சான்று வேறு. மாற்றி விண்ணப்பித்துவிட்டுக் கலந்தாய்வு நேரத்தில் அலைய வேண்டாம்.

இங்கே பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். வீட்டில் தமிழ் பேசினாலும் எழுதத் தெரியாத பிள்ளை என்றால் எட்டு, ஒன்பதில் வந்து சேருவது சிரமம். ஓசூர் பகுதியில் கன்னட வழி, தெலுங்கு வழி அரசுப் பள்ளிகளும் உண்டு. மாற்றுச் சான்றிதழ் வாங்குவதற்கு முன்பே புதுப் பள்ளியின் தலைமை ஆசிரியரிடம் மொழிப் பாடத்தைப் பற்றிப் பேசிவிடுங்கள்.

வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்ற இப்போது படிவம் 8 போதும். வேறு தொகுதிக்கு மாறுகிறவர் படிவம் 6-இல் புதிதாக விண்ணப்பிக்கும் முறை 2022-இலேயே போய்விட்டது. சந்தேகம் இருந்தால் 1950. ரேஷனுக்கு 1967. இரண்டுமே தமிழில் பேசுவார்கள்.