துறையிலிருந்து விமான நிலையத்துக்கு

கடல்வழியாக வந்த ஒருவர் துறைமுகத்தில் இறங்கி, அன்றைய தினமே விமானம் ஏறவேண்டியவராயின், அவருக்குக் கவலை தருவது கடலுமன்று, ஆகாயமுமன்று. இரண்டுக்கும் இடையே கிடக்கும் சிறிது தூரத் தரைவழியே. கப்பலுக்கு மாலுமி உண்டு, விமானத்துக்கு விமானி உண்டு. இடைவழிக்குப் பொறுப்பாளர் யார் என்று வினவின், பல சமயங்களில் பயணியே என்றுதான் விடை கூறவேண்டியிருக்கின்றது.

இவ்விடைவழியைக் கடக்க இருவகை வண்டிகள் உள. ஒன்று, ஒருவரே முழு வாடகை கொடுத்து அமர்த்திக்கொள்வது. மற்றையது, முன்பின் அறியாத பலர் தத்தம் ஆசனத்துக்கு மாத்திரம் கூலி கொடுத்துக் கூடிச் செல்வது. இரண்டாவதன் மலிவுக்குக் காரணம் வெளிப்படை. எரிபொருட் செலவும், சாரதியின் சம்பளமும், நெடுஞ்சாலைக் கட்டணமும் பத்துப் பன்னிரண்டு பேருக்குள் பங்கிடப்படுகின்றன. ஆனால் அவ்வண்டியில் பங்கிடப்படுவது பணம் மட்டுமன்று. காத்திருப்பும் பங்கிடப்படுகின்றது, அதுவும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. மலிவென்று கருதி ஏறுவோருட் பலர் கவனியாது விடுவது இதனையே.

மட்டக்களப்பு வாவிக்கரை மக்களுக்கு இது புதிய செய்தியன்று. ஏறக்குறைய ஐம்பத்தாறு கிலோமீற்றர் நீளமுள்ள அவ்வாவி நாட்டை இரு கூறாக்குகின்றது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் நிலம் எழுவான்கரை. அப்பால் வயலும் குளமுமாக விரிந்து கிடப்பது படுவான்கரை. ஞாயிறு எழும் பக்கம், ஞாயிறு படும் பக்கம் என்பதே இப்பெயர்களின் பொருள். வெற்றிலைத் தோட்டங்களுக்குப் பெயர்பெற்ற களுதாவளை எழுவான்கரையில், தேற்றாத்தீவுக்கும் களுவாஞ்சிகுடிக்கும் இடையே, மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே இருபத்தைந்து கிலோமீற்றர் அளவில் அமைந்துள்ளது. கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குச் செல்லும் பெருந்தெரு ஊரினூடே ஓடுகின்றது. ஆதலின் அவ்வூரார் வாயிலில் நின்றே பஸ் வண்டி ஏறலாம். படுவான்கரையாருக்கு அவ்வசதி இல்லை. அவர்கள் முதலில் நீரைக் கடக்கவேண்டும். அதன் பின்னரே வண்டி.

அந்நீரைக் கடப்பதற்கு உதவிய மிதவைக்குப் ‘பாதை’ என்பதே மட்டக்களப்பு வழக்கு. மிதக்கும் மேடை போன்ற அதில் மனிதரும், சைக்கிளும், மோட்டார்ச் சைக்கிளும், நெல்மூட்டையும் ஒருங்கே ஏறும். நிலத்தில் நடந்து செல்லும் வழிக்கு வழங்கும் சொல்லையே நீரில் மிதக்கும் பொருளுக்கும் இட்டு வழங்கியது ஓர் அழகு. மண்முனையிலும், குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையிலும் இப்பாதைகள் நெடுங்காலம் ஓடின. மண்முனையில் யப்பானிய உதவியோடு கட்டப்பட்ட பாலம் 2014 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் திறக்கப்பட்டபின் அங்கே பாதைக்கு வேலையில்லாது போயிற்று. மண்டூர் முருகன் கோயில் திருவிழாக் காலத்தில் குருமண்வெளித் துறையில் நின்றவர்களைக் கேட்டால், பலர் கூடிச் செல்லும் ஊர்தியின் இயல்பு யாதென்பதை விளக்கமாகக் கூறுவர். முதலில் வந்தவர் மிகுதியாகக் காத்திருப்பார். கடைசியில் ஓடிவந்து தாவி ஏறியவர் காத்திருப்பதே இல்லை. கூலியோ இருவருக்கும் ஒன்றே.

இதனைச் சிறு கணக்கொன்றால் தெளிவாக்கலாம். பன்னிரண்டு ஆசனமுள்ள வான் ஒன்று நிறைந்தபின்னரே புறப்படும் என்று கொள்வோம். ஐந்து நிமிடத்துக்கு ஒருவராகப் பயணிகள் வருகின்றனர். முதலாமவர் ஐம்பத்தைந்து நிமிடம் காத்திருப்பார். பன்னிரண்டாமவர் வந்தவுடன் வண்டி நகரும். சராசரி இருபத்தேழரை நிமிடம். ஆனால் சராசரியில் எவரும் பிரயாணம் செய்வதில்லை. “இன்னும் இரண்டு பேர் வந்தால் போய்விடலாம், தம்பி” என்று சாரதி சொல்லும்போது அவர் பொய் கூறுகின்றாரல்லர். அவ்விருவர் எப்போது வருவர் என்பதை மாத்திரம் அவர் அறியார்.

மற்றொரு முறை, ஆள் நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் குறித்த நேரத்தில் வண்டியை விடுவது. இதிற் காலி ஆசனங்களின் நட்டம் வண்டிக்காரரைச் சேரும். அதனால் கூலியும் சற்று உயரும். நிறைந்தபின் புறப்படும் வண்டியில் அந்நட்டமே நேரமாக உருமாறிப் பயணியின் தலையில் விழுகின்றது. ஆகவே துறைமுக வாயிலில் ஆசனக் கூலி எவ்வளவு என்று கேட்பதற்கு முன், வண்டி மணிக்குப் புறப்படுமா, ஆளுக்குப் புறப்படுமா என்று கேட்பதே அறிவுடைமை. வழியில் எத்தனை இடத்தில் ஆள் இறக்கும் என்பது அடுத்த கேள்வி. விமான நிலையத்துக்கு முன்னர் நான்கு விடுதிகளுக்குச் சென்று திரும்பும் வண்டியும் உண்டு.

கப்பலையும் தரைவண்டியையும் ஒழுங்காக இணைத்துக் காட்டிய முன்னுதாரணம் தமிழ் மக்களுக்கு அண்மையிலேயே இருந்தது. 1914 ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல்கள் ஓடத் தொடங்கின. சென்னையில் ஒரு சீட்டு வாங்கியவர் அதே சீட்டுடன் ரயிலில் ஏறி, கப்பல் மாறி, மீண்டும் ரயில் ஏறிக் கொழும்பு வந்து சேரலாம். தலைமன்னாரில் தண்டவாளம் கப்பற்றுறை வரையில் நீண்டிருந்தது. சீட்டு ஒன்றாயிருந்ததே இவ்வொழுங்கின் உயிர்நாடி. கொழும்பு வரைக்கும் கொண்டு சேர்ப்பதாக முன்கூட்டியே பணம் பெற்றுக்கொண்டவர்க்கு, கப்பலில் வருவோருக்காக ரயிலை நிறுத்திவைப்பது கடமையாகின்றது. 1964 டிசெம்பர்ச் சூறாவளி தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களில் நின்றுபோயிற்று. 2023 ஒக்ரோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கிய காலையில், காங்கேசன்துறைக்கு அயலிலுள்ள பலாலி விமான நிலையம் சர்வதேச நிலையமாகி ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. துறையும் விமான நிலையமும் இத்துணை நெருங்கியிருப்பது இத்தீவில் அரிது. ஆயினும் கப்பலுக்கு ஒரு சீட்டு, வண்டிக்கு ஒரு கூலி, விமானத்துக்கு மற்றொரு சீட்டு என்று தனித்தனியே வாங்குபவர்க்கு, அண்மை ஒன்றினால் மாத்திரம் பாதுகாப்புக் கிட்டாது.

இக்கால உல்லாசப் பயணக் கப்பல்களின் நடைமுறையையும் அறிந்திருத்தல் வேண்டும். காலை ஏழு மணிக்குக் கப்பல் கரை சேரும் என்று அட்டவணை கூறினால், ஏழு மணிக்குப் பயணி தெருவில் நிற்பார் என்பது பொருளன்று. கடைசித் துறையில் இறங்குவோரின் பெரிய பெட்டிகளை முதல்நாள் இரவே அறைக்கு வெளியே வைக்கச் செய்வர். அவற்றுக்கு நிறமோ இலக்கமோ இட்ட சீட்டுக் கட்டப்பட்டிருக்கும். மறுநாட் காலையில் அந்நிறத்தின்படியே பயணிகளைக் குழுக்குழுவாக அழைப்பர். ஆயிரக்கணக்கானோர் இறங்கும் கப்பலில் முதற் குழுவுக்கும் கடைசிக் குழுவுக்கும் இடையே இரண்டு மணி நேரம் சென்றுவிடலாம். அதன்மேற் குடிவரவுப் பரிசோதனையும் சுங்கமும் உள. வெளி வாகனங்கள் துறைமுக எல்லைக்குள் எளிதில் விடப்படுவதில்லையாதலால், கப்பற் கம்பனியின் பஸ் வண்டிகள் அருகில் நிற்க, ஆசனக் கூலி வண்டி பெரும்பாலும் வெளிவாயிலிலேயே நிற்கும். பெட்டியுடன் அங்கு வரை நடப்பதும் கணக்கிற் சேரவேண்டியதே.

கொழும்புத் துறைமுகத்திலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையம் ஏறத்தாழ முப்பத்தைந்து கிலோமீற்றர். 2013 ஒக்ரோபரில் அதிவேக வீதி திறக்கப்பட்டபின் பேலியகொடைக்கு அப்பால் வண்டி தடையின்றி ஓடும். ஆனால் பேலியகொடையை அடைவதற்கு நகர நெரிசலைக் கடக்கவேண்டும். இங்கே கணக்கைப் பின்னிருந்து முன்னாகப் போடுவதே முறை. பிற்பகல் இரண்டு மணிக்கு விமானம் என்றால், மூன்று மணி நேரம் முன்னதாக, பதினொரு மணிக்கு, நிலையத்தில் இருக்கவேண்டும். வழிக்கு ஒரு மணி, பத்து. வண்டி நிறையவும் இடையில் ஆள் இறக்கவும் ஒரு மணி, ஒன்பது. கப்பலிலிருந்து இறங்கிச் சுங்கம் கடக்க இரண்டு மணி, ஏழு. கப்பல் ஏழரைக்குத் துறை சேர்ந்தால் அந்த அரைமணி நேரம் எங்கிருந்து எடுக்கப்படும்? பயணி நிலையத்தில் வைத்திருந்த மூன்று மணியிலிருந்துதான். கணக்கு இவ்வளவு இறுக்கமாயிருக்கும் நாளில் தனி வண்டிக்குக் கொடுக்கும் மேலதிகப் பணம் வீண் செலவாகாது. மாலையில் விமானம் ஏறுபவர்க்கு ஆசனக் கூலி வண்டியே போதும்.

களுதாவளைக்காரர் எவரேனும் உல்லாசக் கப்பலில் வந்து இறங்குவது எந்நாளும் நிகழ்வதன்று. அவ்வூருக்கு இக்கணக்கு வேறு வழியாக வந்து சேருகின்றது. எழுவான்கரைக் கிராமங்களிலிருந்தும் படுவான்கரைக் கிராமங்களிலிருந்தும் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோர் பலர். மட்டக்களப்பு நகருக்கு அருகில் 1958 ஆம் ஆண்டிலேயே விமான நிலையம் திறக்கப்பட்டது. 1983 இல் விமானப்படையின் வசமாயிற்று. 2018 மார்ச் மாதத்தில் மீண்டும் பொதுமக்களுக்கு விடப்பட்டது. எனினும் வளைகுடா செல்பவர் கட்டுநாயக்காவுக்கே செல்கின்றார். அருகிலுள்ள நிலையத்தைக் கடந்து, முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட தொலைவுக்கு, இரவு முழுவதும் வண்டியில்.

காலை ஆறு மணி விமானத்துக்குச் செல்பவரின் கணக்கைப் பாருங்கள். மூன்று மணிக்கு நிலையத்தில் இருக்கவேண்டும். வெளிநாட்டு வேலைக்குச் செல்வோருக்கு 1985 இல் நிறுவப்பட்ட வேலைவாய்ப்புப் பணியகத்தின் பதிவும் பார்க்கப்படுவதால், நேரத்தைச் சிக்கனம் பிடித்தல் நன்றன்று. வாழைச்சேனை, வெலிக்கந்தை, பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று செல்லும் வழிக்கு ஏழெட்டு மணி. ஆகவே மாலை ஏழு மணிக்குப் புறப்படலாம் என்று எண்ணுதல் தவறு. வண்டி தெற்கே கல்லாற்றிலிருந்து ஆள் ஏற்றத் தொடங்கினால், கோட்டைக்கல்லாறு, குருமண்வெளி, களுவாஞ்சிகுடி, களுதாவளை, செட்டிபாளையம் என்று ஒழுங்கை ஒழுங்கையாக நுழைந்து வெளிவரவேண்டும். ஓரிடத்துக்குப் பத்து நிமிடம் என்பது குறைந்த மதிப்பு. ஏனெனில், வீட்டு வாயிலில் திருநீறு பூசி, அழுது, விடைபெற்று ஏறுபவரை எந்தச் சாரதியும் விரட்டமாட்டார். இராச்சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் ஒரு மணியைச் சேர்த்தால் மாலை ஐந்து மணிக்கே வாயிலில் பெட்டி நிற்கவேண்டும்.

இரு வீட்டார் சேர்ந்து ஒரு வானைப் பிடிக்கும் வழக்கமும் உண்டு. இதில் ஒரு நுட்பம் இருக்கின்றது. ஒருவருக்கு இரவு ஒரு மணி விமானம், மற்றவருக்கு விடிகாலை ஆறு மணி விமானம் எனின், வண்டி முந்திய விமானத்துக்கே புறப்படவேண்டும். வாடகையைச் சரிபாதியாகக் கொடுத்த இரண்டாமவர் நிலைய வாங்கில் ஐந்து மணி நேரம் தூங்கி வழிவார். இரண்டாமவருக்குக் கூலியைச் சிறிது குறைப்பதே நியாயம். ஆனால் அயல் வீட்டாரிடம் அதனைக் கேட்பதற்கு யாருக்கும் வாய் வராது.

கார்த்திகை, மார்கழி மாதங்களில் இக்கணக்குகள் யாவும் தலைகீழாகலாம். வடகீழ்ப் பருவமழையில் வாவி பெருகும். தாழ்ந்த தெருக்களின் மேல் வெள்ளம் பாயும். வெலிக்கந்தைக்கும் ஹபரணைக்கும் இடையே இரவில் யானை தெருவில் நின்றால் அது விலகும்வரை வண்டி நிற்கவேண்டியதே. அக்காலத்தில் ஒருநாள் முன்னதாகவே புறப்பட்டு நீர்கொழும்பிலோ கொழும்பிலோ உறவினர் வீட்டில் தங்குவோர் உளர். பிரயாண முகவருக்குக் கடன்பட்டுப் பணம் கட்டியவருக்கு விமானம் தவறுதல் ஒருநாட் தாமதம் அன்று. புதுச் சீட்டு, புதுக் கடன், சில வேளை விசாவின் தவணை முடிவு, அங்கே காத்திருக்கும் வேலை பிறர் கைக்குப் போதல் என்று அது நீளும். ஆசனக் கூலியில் மிச்சம் பிடித்த தொகை அதன் முன் ஒரு பொருட்டாகாது.

திரும்பிவரும் வழியில் அவசரம் இல்லை. ஆனால் வரிசை உண்டு. விமானம் முந்தி இறங்கியவர் பிந்தி இறங்குபவருக்காக நிலையத்து வெளியில், போர்வையும் தொலைக்காட்சிப் பெட்டியும் கட்டிய பொதிகளோடு காத்திருப்பார். வண்டி விடியும் வேளையில் 2013 இல் திறக்கப்பட்ட கல்லடிப் புதுப் பாலத்தைக் கடக்கும்; பக்கத்தில் ஒற்றை வழியாகக் கிடக்கும் பழைய பாலம் தெரியும். ஆரையம்பதியில் ஒருவர், செட்டிபாளையத்தில் ஒருவர், களுதாவளையில் இருவர் இறங்குவர். முதல்நாள் மாலை எல்லாருக்கும் முன்னே ஏற்றப்பட்ட கல்லாற்று வீட்டார் இன்னும் அரைமணி நேரம் வண்டியில் இருப்பர்.