சாஸ்திரியின் 19 மாதங்கள்



பேச்சுப் போட்டிக்காக லால் பகதூர் சாஸ்திரியைப் பற்றி எழுதி, சத்தமாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். அடுப்படியில் இருந்த பாட்டி, "அவரு போட்ட ஒப்பந்தத்துலதான் நாங்க கப்பல் ஏறி வந்தோம். அதையும் சேர்த்துச் சொல்லு" என்றார். என் தாளில் அது இல்லவே இல்லை!

1964 ஜூன் 9 அன்று சாஸ்திரி பிரதமரானார். நாட்டில் உணவுத் தட்டுப்பாடு. வாரம் ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டுக்கொடுக்கும்படி மக்களைக் கேட்டார். 1965 ஜனவரியில் இந்திய உணவுக் கழகம் உருவானது. அதே மாதம் இந்தித் திணிப்பை எதிர்த்து நம் மாநிலத்தில் மாணவர்கள் போராடினார்கள். பலர் உயிரிழந்தார்கள். இந்தி பேசாத மாநிலங்கள் விரும்பும்வரை ஆங்கிலம் நீடிக்கும் என்று பிப்ரவரியில் வானொலியில் உறுதி கூறினார். பிறகு பாகிஸ்தானுடன் போர். 'ஜெய் ஜவான், ஜெய் கிசான்' அப்போது பிறந்த முழக்கம்தான்.

இனி பாட்டி சொன்ன விஷயத்துக்கு வருவோம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைக்க வெள்ளைக்காரர் காலத்தில் நம் ஊர்ப்பக்கத்திலிருந்து போனவர்களின் வாரிசுகளுக்கு, 1948-இல் அந்த நாடு குடியுரிமை தர மறுத்தது. 1964 அக்டோபர் 30 அன்று சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் செய்தார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்! (1974-இல் அவர்களையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள்.)

நாடில்லாமல் கிடந்தவர்களுக்கு ஒரு வழி பிறந்ததே என்றார்கள் சிலர். எங்களைக் கேட்காமல் எங்களைப் பங்கு போடுவதா என்று எதிர்த்தார் தோட்டத் தொழிலாளர் தலைவர் தொண்டமான்.

பாட்டி 14 வயதில் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கினார். மண்டபம் முகாமில் தங்கி, பிறகு நீலகிரிக்கு வந்தார். அவருடைய அக்கா அங்கேயே தங்கிவிட்டார். "இங்கே வந்ததாலதான் உங்கப்பன் படிச்சான். ஆனா அக்காளைத் திரும்பப் பார்க்கவே இல்லையே" என்று சொல்லிவிட்டு அடுப்பை ஊதினார்.

1966 ஜனவரி 11 அன்று தாஷ்கண்டில் சாஸ்திரி மறைந்தார். எளிமையானவர், நேர்மையானவர். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நல்லவர் எடுத்த முடிவானாலும், அது யாரைப் பற்றியதோ அவர்களைக் கேட்டிருக்க வேண்டும் அல்லவா?

போட்டியில் பாட்டி சொன்னதையும் சேர்த்தே பேசப் போகிறேன். நீங்களும் உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்!

– 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு