காருக்கு அடியில் படுக்கப் போகிறீர்களா? ஒரு நிமிடம் நில்லுங்கள்!

வீட்டிலேயே ஆயில் மாற்றுவோர் கவனத்துக்கு
ஜாக்கியை நம்பாதீர்கள், சாக்கடையில் ஊற்றாதீர்கள்!

சேதராப்பட்டு,

புதுச்சேரியின் வடமேற்கு மூலையில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது சேதராப்பட்டு. தொழிற்பேட்டை ஊர். லாரி, வேன், கம்பெனி பஸ் என்று எந்த நேரமும் சக்கரம் உருளும் ரோடு. மெஷினோடு மெஷினாக வாழ்கிறவர்களுக்கு ஸ்பேனர் பிடிக்க யாரும் கற்றுத் தர வேண்டியது இல்லை.

இப்படிப்பட்டவர்களுக்கு வார லீவு நாளில் ஒரு ஆசை வரும். "சொந்தக் காருக்கு நாமே ஆயில் மாத்திட்டா என்ன?"

மாற்றலாம். நல்ல காரியம்தான். கூலி மிச்சம். உள்ளே போனது என்ன ஆயில் என்று கண்ணால் பார்த்த திருப்தி வேறு. ஆனால் இந்த வேலையில் இரண்டு இடத்தில் ஆபத்து ஒளிந்து இருக்கிறது. ஒன்று, காருக்கு அடியில். இன்னொன்று, வேலை முடிந்த பிறகு கையில் மிஞ்சும் கறுப்பு எண்ணெயில். முதலாவது ஆளைக் கொல்லும். இரண்டாவது கிணற்றைக் கெடுக்கும்.

ஜாக்கி எதற்கு?

காரோடு கம்பெனி கொடுக்கும் ஜாக்கி, பஞ்சர் ஆன சக்கரத்தைக் கழற்றி ஸ்டெப்னி மாட்டுவதற்கு மட்டும்தான். அதை நம்பி காருக்கு அடியில் தலையைக் கொடுக்கவே கூடாது. காரோடு வரும் கையேட்டிலும் இதைத்தான் எச்சரிக்கையாக அச்சடித்து இருக்கிறார்கள். யார் படிக்கிறார்கள்?

"அஞ்சு நிமிஷ வேலைதானே, தாங்கும்" என்பார்கள். தாங்காது. சின்ன கார் கூட 700, 800 கிலோ எடை. பெரிய வண்டி என்றால் ஒன்றரை டன்னைத் தாண்டும். நீங்கள் மல்லாந்து படுத்துக் கொண்டு, இறுகிப் போன போல்ட்டை முழு பலத்தோடு இழுக்கிறீர்கள். கார் லேசாக ஆடுகிறது. ஒற்றைக் காலில் நிற்கும் ஜாக்கி சாய்ந்து விட்டால் உருண்டு வெளியே வர நேரம் கிடைக்காது. நெஞ்சின் மேல் பாரம் இறங்கி விட்டால் "ஐயோ" என்று கத்துவதற்குக் கூட மூச்சு இருக்காது.

ஆகவே முதலில் சமமான சிமெண்டு தரையாகப் பாருங்கள். கை பிரேக்கைப் போட்டு, முதல் கியரில் நிறுத்துங்கள். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் 'பி'. பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஜாக்கியால் தூக்கியதும், கையேட்டில் காட்டி இருக்கும் உறுதியான இடங்களில் இரண்டு இரும்பு ஸ்டாண்டுகளை வைத்து, காரை அவற்றின் மேல் இறக்கி விடுங்கள். பிறகு கையால் நன்றாக ஆட்டிப் பாருங்கள். ஆடினால் நீங்கள் வெளியே இருக்கும்போதே ஆடட்டும்.

செங்கல் அடுக்கி வைப்பவர்கள் உண்டு. ஹாலோ பிளாக் வைப்பவர்களும் உண்டு. இரண்டும் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். மழை பெய்து ஊறிய மண் தரையில் ஸ்டாண்டின் காலே புதைந்து சரிந்து விடும்.

படுக்கவே தேவை இல்லாத வழியும் இருக்கிறது. ஆயில் அளவு பார்க்கும் குச்சி இருக்கும் குழாய் வழியாக பழைய ஆயிலை மேலேயே உறிஞ்சி எடுக்கும் கை பம்ப் விற்கிறது. எல்லா காருக்கும் இது ஒத்து வராது. ஒத்து வந்தால் சட்டை கூட அழுக்காகாது.

காரின் சாவி உங்கள் பாக்கெட்டில் இருக்கட்டும். பிள்ளைகள் வண்டிக்குள் ஏறி விளையாடக் கூடாது. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் வீட்டு ஆள் ஒருவர் இருப்பது நல்லது.

சுடச்சுட திறந்தால்...

நன்றாக ஓடி வந்த காரில் ஆயிலின் சூடு 90, 100 டிகிரி வரை இருக்கும். அப்போது அடியில் உள்ள போல்ட்டைத் திறந்தால் முழங்கை வரை வழிந்து தோல் உரிந்து விடும். பக்கத்தில் உள்ள சைலன்சர் குழாய் அதை விடச் சூடு. சரி, ராத்திரி முழுக்க ஆற விட்டால்? ஆயில் கெட்டியாகி மெதுவாக வடியும். கசடும் அடியில் தங்கி விடும்.

வெதுவெதுப்பாக இருப்பதுதான் பதம். என்ஜினை மூன்று, நான்கு நிமிடம் ஓட விட்டு நிறுத்தி, கால் மணி நேரம் கழித்து ஆரம்பியுங்கள். மூடிய ஷெட்டுக்குள் என்ஜினை ஓட விடாதீர்கள். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. தலை சுற்றுவது தெரியும் முன்பே ஆளைச் சாய்த்து விடும்.

போல்ட் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அடியில் என்ஜினுக்கு ஒரு போல்ட், கியர் பாக்சுக்கு ஒரு போல்ட். தப்பாக கியர் ஆயிலை வடித்து விட்டு, நிரம்பி இருக்கும் என்ஜினில் மேலும் ஆயில் ஊற்றினால் கியர் பாக்ஸ், என்ஜின் இரண்டுக்குமே செலவு. எது என்று கையேட்டைப் பார்த்து உறுதி செய்து கொண்டு ஸ்பேனரைப் போடுங்கள். மேலே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வைத்தால் சீக்கிரம் வடியும். போல்ட்டுக்கு அடியில் உள்ள வாஷரை மாற்றி விடுங்கள். பத்து, இருபது ரூபாயைப் பார்த்து பழசையே போட்டால் ரோடு முழுக்க சொட்டுத்தான். திரும்ப மாட்டும்போது முதலில் விரலால் முறுக்கிய பிறகே ஸ்பேனர். பலத்தைக் காட்டினால் மரை போய் விடும்.

பில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் கூடவே வந்து விட்டதா என்று பாருங்கள். பல பேர் ஏமாறும் இடம் இது. பழைய வளையம் என்ஜினில் ஒட்டிக் கொண்டு இருக்க, புதியதை அதன் மேலேயே மாட்டி விடுவார்கள். ஸ்டார்ட் செய்ததும் ஆயில் பீய்ச்சி அடித்து, கொஞ்ச நேரத்தில் காலி. என்ஜின் பிடித்துக் கொள்ளும். புதிய வளையத்தில் கொஞ்சம் புது ஆயிலைத் தடவி, கையாலேயே இறுக்கினால் போதும்.

எவ்வளவு ஆயில், என்ன ரகம் என்பதும் கையேட்டில் இருக்கிறது. பழைய வண்டிக்கு 20 டபிள்யூ 40 என்றால், இப்போதைய வண்டிகளில் பலவற்றுக்கு அதை விட மெல்லிய ஆயில். "கெட்டியா இருந்தாத்தான் என்ஜினுக்கு நல்லது" என்பது பழைய காலத்துப் பேச்சு. முதலில் கொஞ்சம் குறைவாக ஊற்றுங்கள். ஸ்டார்ட் செய்ததும் சிவப்பு ஆயில் விளக்கு சில வினாடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். பிறகு சில நிமிடம் விட்டு குச்சியில் அளவு பார்த்து மீதியை ஊற்றலாம்.

மில் தொழிலாளிக்கு வந்த நோய்

"கையில ஆயில் பட்டா என்ன, சோப்பு போட்டா போச்சு" என்பவர்களுக்கு ஒரு பழைய சேதி.

புதுச்சேரி போலவே இங்கிலாந்தின் லங்காஷயரும் பஞ்சாலைக்குப் பேர் போன இடம். அங்கே நூற்பு எந்திரத்தில் வேலை பார்த்தவர்களின் உடுப்பு, கதிர்களில் இருந்து தெறிக்கும் எண்ணெயில் தினமும் ஊறி விடும். வருடக் கணக்கில் அப்படி உழைத்தவர்களுக்கு விதைப் பையின் தோலில் புற்றுநோய் வந்தது. 1922-ல் மான்செஸ்டர் டாக்டர்கள் இதைப் பற்றி விவரமாக எழுதினார்கள். எண்ணெயைக் கட்டுப்படுத்தி அங்கே தனி விதிகள் வந்தது 1953-ல்தான்!

இன்றைய என்ஜின் ஆயில் அந்த எண்ணெய் அல்ல, நன்றாகச் சுத்திகரித்தது. ஆனால் என்ஜினில் ஓட ஓட, எரிபொருள் எரிந்த கரியும் நச்சுப் பொருள்களும் அதில் சேருகின்றன. வருடத்துக்கு ஒரு தடவை கையில் பட்டதால் யாருக்கும் ஒன்றும் ஆகி விடாது. தினமும் அதிலேயே கை வைக்கும் ஒர்க்ஷாப் பையன்களுக்குத்தான் உண்மையான கவலை. என்றாலும் ரப்பர் கையுறை சில ரூபாய்தான். ஆயில் துணியை பாக்கெட்டில் செருகும் பழக்கத்தையும் விட்டு விடுங்கள். கையை பெட்ரோலால் கழுவாதீர்கள்.

நாலு லிட்டர் செய்யும் நாசம்

இனி அந்தக் கறுப்பு ஆயில்.

ஒரு காரில் இருந்து வடியும் பழைய ஆயில், சுமார் 38 லட்சம் லிட்டர் நல்ல தண்ணீரைக் கெடுக்கப் போதும் என்று அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் கூறுகிறது. 50 பேர் ஒரு வருடம் முழுக்கப் பயன்படுத்தும் தண்ணீர் அது!

சேதராப்பட்டுக்குப் பக்கத்திலேயே ஊசுடு ஏரி. புதுச்சேரியின் பெரிய நன்னீர் ஏரி. 2008-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. புதுச்சேரி நகரம் குடிப்பதோ நிலத்தடி நீர். முத்திரப்பாளையத்தில் இருந்து தண்ணீர் வந்ததை நினைத்து பிரெஞ்சுக்காரர்கள் ஆயி மண்டபம் கட்டி வைத்த ஊர் இது. இங்கே தோட்டத்து மண்ணிலும் சாக்கடையிலும் ஆயிலை ஊற்றலாமா?

கிணறு, ஓடை, சாக்கடை, நிலம் எதிலும் நச்சுப் பொருளை விடக் கூடாது என்று 1974-ம் ஆண்டின் நீர் மாசு தடுப்புச் சட்டம் சொல்கிறது. 2016-ம் ஆண்டு விதிகளின்படி பழைய ஆயில் அபாயகரமான கழிவு. அதை மறுசுத்திகரிப்பு செய்ய அனுமதி பெற்றவர்களிடம்தான் போய்ச் சேர வேண்டும். ஆயில் விற்கும் கம்பெனிகளே பழைய ஆயிலுக்கும் பொறுப்பு ஏற்க வேண்டும் என்ற விதி 1-4-2024 முதல் நடைமுறையில் இருக்கிறது.

நடப்பது என்ன? சென்ட்ரிங் பலகைக்குத் தடவுகிறார்கள். வேலிக் கம்பத்துக்குப் பூசுகிறார்கள். கொசு ஒழிப்பு என்று குட்டையில் ஊற்றுகிறார்கள். கொசுவை ஆராய 1975-ல் ஒரு மத்திய ஆராய்ச்சி மையமே தொடங்கப்பட்ட ஊர் புதுச்சேரி. கொசுப் புழுவை மட்டும் கொல்லும் பாக்டீரியா மருந்து இருக்க, பழைய ஆயில் எதற்கு? எல்லாவற்றிலும் கொடுமை, சொறி நாய் மேல் ஊற்றுவது. நாய் உடம்பை நக்கும். ஆயில் வயிற்றுக்குள் போகும். தோலும் வெந்து விடும். சொறிக்கு கால்நடை டாக்டரிடம் ஊசி இருக்கிறது.

என்னதான் செய்வது? புது ஆயில் வந்த அதே கேனில் புனல் வைத்து ஊற்றி, இறுக மூடுங்கள். பில்டரைத் தலைகீழாகக் கவிழ்த்து ஒரு ராத்திரி வடிய விட்டு, அதையும் சேர்த்துக் கொள்ளுங்கள். வழக்கமாக வண்டி விடும் சர்வீஸ் சென்டரில் கொடுக்கலாம். "இதை யாருக்கு அனுப்பறீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டு விட்டுக் கொடுங்கள். இடம் தெரியாவிட்டால் புதுச்சேரி மாசு கட்டுப்பாட்டுக் குழுமத்தில் விசாரிக்கலாம்.

கேனில் பிரேக் ஆயில், கூலண்ட், பெட்ரோல், தண்ணீர் எதையும் கலக்காதீர்கள். கலந்தால் மறுசுத்திகரிப்புக்கு உதவாது. கேன் மேல் 'பழைய ஆயில்' என்று பெரிதாக எழுதி, பிள்ளைகள் கை எட்டாத இடத்தில் வையுங்கள். தண்ணீர் பாட்டிலில் மட்டும் ஊற்றி வைக்காதீர்கள்.