மெஷின் கொல்லல்ல, காக்கா

அஸருக்குப் பிறகு கல்முனைக் கடற்கரைக் கடையில் பிளேன்டியைக் கையில் எடுத்ததும் பக்கத்து வீட்டுக் காக்கா கேட்டார்: “கொரோனா நேரம் மெஷின்ல போட்ட ஆக்கள் கனபேர் திரும்பி வரல்லியே தம்பி. அந்த மெஷின்தான் முடிச்சதா?”

மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை பலருக்கும் உள்ள சந்தேகம்தான் இது. குறை சொல்லவும் முடியாது. கொரோனாவில் இறந்தவர்களுக்கு 2020 ஏப்ரலில் வர்த்தமானியில் வந்த கட்டாயத் தகனம் 2021 பெப்ரவரி இறுதியில்தான் நீங்கியது. மார்ச்சில்தான் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. அதுவரை ஆஸ்பத்திரி என்றாலே ஜனாஸாவும் கைக்கு வராது என்ற பயம்.

காக்கா சொன்ன மெஷின், அதாவது வென்டிலேட்டர், ஒரு காற்றுப் பம்பு, அவ்வளவுதான். சிக்கல் அதை நெஞ்சோடு இணைக்கிற குழாயில் இருக்கிறது. தேத்தண்ணி ஒரு சொட்டு புரையேறினாலே நாம் இருமித் தள்ளிவிடுகிறோம். குழாய் போட்டவரோ மயக்க மருந்தில் கிடக்கிறார், இருமல் அடங்கியிருக்கும். குழாயின் நுனிப்பக்கம் கசிவை அடைக்க ஒரு சின்ன பலூன் ஊதியிருப்பார்கள். அதன் மேலே வாய்நீர் குட்டைபோலத் தேங்கி, ஓரத்தால் சொட்டுச் சொட்டாக நெஞ்சுக்குள் இறங்கும். குழாய் போட்டு 48 மணித்தியாலத்துக்குப் பிறகு வருகிற நியூமோனியாவைத்தான் டொக்டர்மார் வென்டிலேட்டர் நியூமோனியா என்கிறார்கள்.

கிணற்று மோட்டாரின் பழைய குழாயை வெட்டிப் பார்த்திருப்பீர்கள். உள்ளே வழுவழுவென்று பாசி. நோயாளியின் குழாய்க்குள்ளும் பக்டீரியா அப்படித்தான் ஒரு பிசின் படலம் கட்டுகிறது. அதற்குள் இருப்பவற்றை மருந்து எளிதில் தொடாது. துணுக்குகள் மட்டும் அவ்வப்போது பிய்ந்து நுரையீரலுக்குப் போகும்.

யார் இவர்கள்? அசினெட்டோபாக்டர், சூடோமோனாஸ், கிளெப்சியெல்லா, ஸ்டெபிலோகொக்கஸ். “பேரே வாயில நுழையுதில்லையே” என்றார் காக்கா. பேர் நுழையாவிட்டாலும் ஆள் நுழைந்துவிடும். அதிலும் அசினெட்டோபாக்டர் பொல்லாதது. காய்ந்த கட்டில் கம்பியிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். தொட்ட கையோடு அடுத்த கட்டிலுக்குப் போகும்.

கொரோனா இவர்களுக்கு வாசலை அகலத் திறந்துவிட்டது. உலகமெங்கும் கட்டில்கள் நிரம்பின. நோயாளிகள் வாரக்கணக்கில் மெஷினில் இருந்தார்கள். தலை முதல் கால் வரை உறை போட்ட தாதிமாருக்கு ஒவ்வொரு கட்டிலுக்கும் கையுறை மாற்ற நேரமிருந்திருக்குமா? டெக்சாமெதசோன் என்ற மலிவு மருந்து மெஷினில் இருப்பவர்களின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்று 2020 ஜூனில் இங்கிலாந்திலிருந்து செய்தி வந்தது. நல்ல மருந்து. ஆனால் உடம்பின் எதிர்ப்பைத் தணித்துத்தான் அது வேலை செய்கிறது. அந்த இடைவெளியிலும் பக்டீரியா புகும். சிலருக்கு வைரஸ் தணிந்த பிறகும் இந்த இரண்டாவது நோய் நீடித்தது.

இனி மருந்து. 2010இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி உள்ளிட்ட குழு, சென்னையிலும் ஹரியானாவிலும் பிடித்த பக்டீரியாக்களில் என்.டி.எம்.-1 என்ற மரபணுவைக் காட்டியது. கடைசிக் கட்ட மருந்தான கார்பபெனெமையே உடைக்கிற நொதியை உண்டாக்கும் மரபணு அது. கார்பபெனெமுக்கும் அடங்காதவற்றுக்கு, சிறுநீரகத்தைக் கெடுக்கிறதென்று ஒதுக்கி வைத்திருந்த கொலிஸ்டினைத் தூசு தட்டி எடுத்தார்கள். அப்படியும் நாம் படிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்ந்த கொரோனா நோயாளிகளில் பக்டீரியாத் தொற்றும் இருந்தவர்கள் 8 சதவீதம்தான். அன்டிபயோட்டிக் கொடுக்கப்பட்டதோ சுமார் 75 சதவீதத்தினருக்கு. உலக சுகாதார நிறுவனம் 2024இல் சொன்ன கணக்கு இது.

வென்டிலேட்டர் நியூமோனியாவைத் தடுக்கிற வழிகளில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. கட்டிலின் தலைப்பக்கத்தை 30 முதல் 45 பாகை உயர்த்துவது. வாயைத் துப்புரவாக வைத்திருப்பது (மிஸ்வாக் பிடிக்கிற ஊருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை). கை கழுவுவது. மயக்க மருந்தைத் தினமும் குறைத்து, தானாக மூச்செடுப்பாரா என்று பார்ப்பது. குழாய் ஒரு நாள் முந்திக் கழன்றால் ஒரு நாள் ஆபத்துக் குறைவு.

காக்கா கிளாசை வைத்தார். சட்டைப் பையில் பாதி தின்ற அமொக்சிலின் காட் ஒன்று எட்டிப் பார்த்தது. தடிமனுக்காம்! தடிமன் வைரஸ், காக்கா. அதற்கு இது கேட்காது. அடுத்த முறை பாமசிக்குப் போகுமுன் டொக்டரிடம் துண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.